பட்டறை பதில்கள்: பம்ப் வாங்கியாச்சு, இனி?

பழைய மெஷின்களை மாற்றிக் கட்டுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதுதான் தாமதம். செஞ்சி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சாமான்: மோட்டாரோடு கூடிய பழைய ஹைட்ராலிக் பம்ப். அந்தப் பக்கம் எந்தக் கம்பெனி மூடியது என்று விசாரிக்க வேண்டும். இந்த முறை மேடை முழுக்க செஞ்சிக்காரர்களுக்கே.

கே: மூடிப்போன பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்து 15 ஹெச்.பி. மோட்டாரோடு ஒரு பவர் பேக் மலிவாக வந்தது, வாங்கிவிட்டேன். கையால் அழுத்தி மண்கல் அடிக்கும் பிரஸ் ஒன்று இருக்கிறது. அதை இதில் ஓட வைக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– கல் அறுப்பவர், ஆலம்பூண்டி

ப: கல்லிலிருந்து. நீங்கள் பம்பிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். பரவாயில்லை, ஊரே அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

உங்கள் கல் 29 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 406 சதுர செ.மீ. சிமென்ட் கொஞ்சம் கலந்த மண்கல் நன்றாக இறுக, சதுர செ.மீ.க்கு 20 முதல் 40 கிலோ அழுத்தம் வேண்டும். 30 என்று எடுங்கள்: மொத்தம் 12 டன். 100 மி.மீ. உள்விட்டம் உள்ள சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ. எண்ணெய் 150 பாரில் வந்தால் அந்தச் சிலிண்டர் 12 டன் தள்ளும். அடுத்தது வேகம். நிமிஷத்துக்கு 7.5 லிட்டர் தருகிற சின்ன கியர் பம்ப் அந்தச் சிலிண்டரை நிமிஷத்துக்கு 95 செ.மீ. நகர்த்தும். மண்ணை 10 செ.மீ. அமுக்க ஆறு விநாடிக்குச் சற்று மேல். கல் வேலைக்கு இது தாராளம்.

மோட்டார் எவ்வளவு? பாரை லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். 150 × 7.5 ÷ 600 = 1.9. நஷ்டத்தையும் சேர்த்து 2.2 கிலோவாட், அதாவது 3 ஹெச்.பி. உங்களிடம் இருப்பது 15.

மீதி 12 குதிரைகளும் சும்மா நிற்காது. சிலிண்டர் நின்றிருக்கும் நேரத்தில் எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியே பீறிட்டுக்கொண்டிருந்தால், அத்தனை சக்தியும் சூடாகி டேங்குக்குள் இறங்கும். அப்புறம் அது பவர் பேக் இல்லை, 11 கிலோவாட் வெந்நீர் அடுப்பு. வைத்துக்கொள்வதானால் நடு நிலையில் எண்ணெயை அழுத்தமில்லாமல் டேங்குக்குத் திருப்பும் டைரக்‌ஷனல் கன்ட்ரோல் வால்வு போடுங்கள். என்னைக் கேட்டால், அதை விற்றுவிட்டு 3 ஹெச்.பி. பேக் ஒன்றைத் தேடுவேன். வேகமும் உங்களுக்கு உதவாது. மண்ணைத் தோண்டி, சலித்து, கலந்து, அச்சில் கொட்டுகிற ஆட்கள்தான் உங்கள் உண்மையான வேகம். பிரஸ் எவ்வளவு பறந்தாலும் மண்வெட்டி பறக்காது.

உங்கள் மாவட்டத்திலேயே ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஆராம் 3000 என்று உலகமெங்கும் போகிற அவர்களுடைய பிரஸ் கைப்பிரஸ்தான். அழுத்தி இறுக்கிய மண்கல்லால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, மோட்டார் அவசியமா என்று முடிவு செய்யுங்கள்.

அவசியம்தான் என்றால் ஒரு எச்சரிக்கை. கைப்பிரஸின் நீண்ட லீவர் முனையில் சிலிண்டரை மாட்டாதீர்கள். அந்த லீவரும் பின்னும் மனிதக் கைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. கையால் அழுத்துகிறவனுக்கு வலிக்கும், நிறுத்துவான். பம்புக்கு வலி கிடையாது. பின் நறுக்கென்று வெட்டும்வரை தள்ளும். லீவரைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் நேராக அச்சின் தட்டைத் தள்ளும்படி தடித்த சேனலில் புதிய ஃப்ரேம் கட்டுங்கள். ரிலீஃப் வால்வை முதல் நாள் 40 பாரில் வையுங்கள். வெல்டிங்கைப் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். ஸ்விட்ச் இரண்டு, இரு கைக்கும் ஒவ்வொன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தட்டு நகர வேண்டும். அச்சுக்குள் விரல் போகும் வேலைக்கு இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் இல்லை.

கே: ராஜா தேசிங்கின் குதிரை எத்தனை ஹெச்.பி.?
– குசும்புக்காரர், செஞ்சி பஸ் நிலையம்

ப: நாள் முழுக்க வேலை வாங்கினால் சுமார் ஒன்று. பாய்ச்சலில் 15. இரண்டாவது எண் கிண்டல் இல்லை: ஒரு குதிரை சில விநாடிக்கு 14.9 ஹெச்.பி. வரை தரக்கூடும் என்று ஸ்டீவன்சன், வாசர்சுக் என்ற இருவர் 1993இல் 'நேச்சர்' இதழில் கணக்கிட்டார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிய தேசிங்குக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது எண்தான். உங்கள் கேள்வி அடுத்த ஆளுக்குப் பயன்படும், நன்றி.

கே: டிராக்டர் டிரெய்லரை டிப்பராக மாற்ற, லாரியில் இருந்து கழற்றிய 12 வோல்ட் பம்ப் ஒன்று கிடைத்தது. மேலே '2 கிலோவாட்' என்று போட்டிருக்கிறது. போதுமா?
– விவசாயி, வல்லம்

ப: 2 கிலோவாட் என்பது குதிரையின் பாய்ச்சல் கணக்கு. லாரியின் பின்கதவு மேடையை ஏற்றி இறக்குகிற இந்த வகை மோட்டார்கள் ஒரு நிமிஷம் ஓடி, ஒன்பது நிமிஷம் மூச்சு வாங்கும் ஜாதி. பெயர்ப்பலகையில் 'எஸ்3 10%' என்பது போல ஒரு மூலையில் இருக்கும். பத்து நிமிஷத்தில் ஒரு நிமிஷம்தான் ஓடலாம் என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் கார்பன் பிரஷ் முதலில் போகும், பின்னாலேயே காயிலும் போகும்.

12 வோல்ட்டில் 2 கிலோவாட் என்றால் 167 ஆம்பியர். நஷ்டத்தைச் சேர்த்தால் 200ஐத் தொடும். வீட்டு ஒயரெல்லாம் உருகிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போடுகிற மாதிரி தடித்த கேபிளும் நல்ல ஃபியூஸும் வேண்டும். ஒரு நடைக்கு ஒருமுறை டிரெய்லரைத் தூக்கி இறக்குவது அந்த மோட்டாருக்கு ஏற்ற வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஐயா, டிராக்டரிலேயே ஹைட்ராலிக் இருக்கிறதே! பின்னால் எண்ணெய் எடுக்கும் இணைப்பு இருந்தால் இரண்டு ஹோஸும் ஒரு சிலிண்டரும் போதும். கையில் வெண்ணெய், நெய்க்கு ஏன் அலைச்சல்? எந்த வழியில் செய்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கவனிக்கிறது. தூக்கிய தொட்டிக்கு அடியில் இரும்பு முட்டு கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள். ஹோஸ் வெடிக்கும் முன் சொல்லிவிட்டு வெடிப்பதில்லை.

கே: என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய பம்ப் நெடுநாளாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. விற்கவும் விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
– இல்லத்தரசி, அனந்தபுரம்

ப: அம்மா, பிளாஸ்டிக் மூடி இரண்டு வாங்கி எண்ணெய் ஓட்டை இரண்டையும் அடைத்துவிடுங்கள். தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே போகாது. அவர் மனம் மாறும் அன்று விலை குறையாமல் இருக்க அதுவே போதும்.

கே: காயலான் கடையில் பம்ப் வாங்கும்போது எதைப் பார்ப்பது? புதுப்பேட்டைக்குப் போகலாமா?
– வெல்டிங் பட்டறை, செஞ்சி காந்தி பஜார்

ப: சென்னைப் புதுப்பேட்டை கார், லாரி சாமான்களுக்குப் பேர்போனது. டி.சி. பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப் என்றால் போகலாம். த்ரீ பேஸ் பவர் பேக்குக்கு, மூடுகிற தொழிற்சாலைகளின் ஏலம்தான் நல்ல இடம். அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடலாம்.

பெயர்ப்பலகையை முதலில் படியுங்கள். பெயின்ட் புதிதாக இருந்து பலகை மட்டும் காணவில்லை என்றால் கடைக்காரருக்கு வணக்கம் வைத்துவிட்டு நகருங்கள். ஜப்பானிலிருந்து வந்த மெஷினில் 200 வோல்ட் த்ரீ பேஸ் என்று இருக்கும். நம்முடைய 415 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் முதல் நாளே காயில் கட்டுகிறவரிடம் போக வேண்டியதுதான். டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் பேரத்தில் சேர்த்துப் பேசுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். எண்ணெயும் அந்த அளவு குறையும்.

அடுத்தது திசை. கியர் பம்பில் பெரிய ஓட்டை உறிஞ்சுவது, சின்ன ஓட்டை தள்ளுவது. பெரும்பாலான பம்புகள் ஒரே பக்கம் சுற்றத்தான் செய்யப்பட்டவை. த்ரீ பேஸில் இரண்டு ஒயர் மாறினால் மோட்டார் சந்தோஷமாக எதிர்ப்பக்கம் சுற்றும். பம்ப் சுற்றாது என்றில்லை, சுற்றும். அழுத்தம் தவறான பக்கத்தில் ஏறி, தண்டின் ஆயில் சீலைத் துப்பிவிடும். கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஒரு தட்டு தட்டித் திசை பார்த்துவிட்டு இணைப்பதுதான் பழைய ஆட்களின் வழக்கம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் போயிற்று.

இனி பக்கெட் டெஸ்ட். அவுட்லெட்டை நேராகப் பக்கெட்டில் விட்டு அளந்தால் எல்லாப் பம்பும் பயில்வான்தான். ரிலீஃப் வால்வும் கேஜும் இருக்கும் லைனில் ஒரு த்ராட்டில் வால்வு போட்டு, அதைத் திருகி 100 பார் ஏற்றி, அதற்கப்புறம் டேங்குக்குத் திரும்புகிற எண்ணெயை அளக்க வேண்டும். சும்மா ஓடும்போது 8 லிட்டர், சுமையில் 7 என்றால் வாங்கலாம். 8 போய் 5 ஆனால் உள்ளே தேய்ந்தாயிற்று. இதையும் அரை மணி நேரம் ஓட்டி, எண்ணெய் சூடான பிறகு செய்யுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்மானத்தை மறைத்துக் கொடுக்கும். கடைக்காரர் "காலையிலேயே வந்துடுங்க சார்" என்று அன்பாகக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கே: பம்ப் ஓடுகிறது, கேஜில் முள் ஏறவே இல்லை. பம்ப் செத்துவிட்டதா?
– லேத்துக்காரர், சத்தியமங்கலம் (செஞ்சி வட்டம்)

ப: முள்ளை ஏற்றுவது பம்பின் வேலை என்று யார் சொன்னது? பம்ப் எண்ணெயைத் தள்ளும், அவ்வளவுதான். எதிரே தடை இருந்தால்தான் அழுத்தம். சிலிண்டர் காற்றில் நீளும்போது முள் படுத்திருக்கும். இரும்பில் மோதியதும் எழுந்திருக்கும். மோதிய பிறகும் படுத்தே கிடந்தால், பம்பைத் திட்டும் முன் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். உட்காரும் இடத்தில் ஒரு துணுக்கு நூல், ஒரு துளி வெல்டிங் பொரி மாட்டியிருந்தாலும் எண்ணெய் முழுக்க அந்த வழியே டேங்குக்கு ஓடிவிடும். பம்ப் ஜல்லி அரைக்கிற சத்தம் போட்டால் அது வேறு நோய்: உறிஞ்சும் குழாயில் காற்று நுழைகிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. அதை ஒரு வாரம் சகித்தால் பிறகு நிஜமாகவே சாகும்.

கே: தோட்டத்து மோட்டார் லைன் இலவசம்தானே, த்ரீ பேஸும் இருக்கிறது. பவர் பேக்கை அதில் ஓட்டிக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், நாட்டார்மங்கலம்

ப: பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. விவசாய இணைப்பில் பட்டறை ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவு வரும். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். 3 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினாலும் இரண்டரை யூனிட்டைச் சுற்றித்தான் வரும். அதற்குப் போய் ஒளிந்து விளையாட வேண்டாம்.

கே: மின்சாரம், ஹைட்ராலிக் எதுவும் இல்லாமல் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்குப் பீரங்கியை எப்படி ஏற்றினார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவி, செஞ்சி

ப: ஆள், கயிறு, உருளைக் கட்டை, சரிவு, நேரம். எந்த ஊர்க் கோட்டைக்கும் அந்தக் காலத்து வழி இதுதான். நீ கணக்குப் போட்டுப் பாரம்மா. பீரங்கி 3 டன் என்று வை. ராஜகிரி சுமார் 240 மீட்டர். 3000 × 9.81 × 240 = 70 லட்சம் ஜூலுக்குக் கொஞ்சம் அதிகம். மின்வாரியக் கணக்கில் அது எத்தனை யூனிட் தெரியுமா? இரண்டுக்குக் கொஞ்சம் கம்மி! உராய்வுக்கு இன்னும் இரண்டு யூனிட் தாராளமாகக் கொடு. ஓர் ஊரையே மூச்சு வாங்க வைத்த வேலை, இன்று ஃபிரிட்ஜ் சில நாளில் தின்கிற மின்சாரம்.

கோட்டைக்காரர்களுக்குத் தண்ணீரை ஓட்டத் தெரியாமல் இல்லை. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். உயரத்தில் இருக்கும் தண்ணீரே பம்பாக வேலை செய்தது. மூடிய பாத்திரத்துத் திரவத்தை ஒரு மூலையில் அழுத்தினால் எல்லா மூலையிலும் அதே அழுத்தம் என்று பாஸ்கல் சொன்னது 17ஆம் நூற்றாண்டில். அதை வைத்து பிரஸ் செய்து ஜோசப் பிராமா இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1795இல். அதற்குள் செஞ்சி விஜயநகர நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சு என்று ஒரு சுற்று பார்த்து ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது.

கே: எத்தனை சீல் மாற்றினாலும் சிலிண்டர் கசிகிறது.
– மெக்கானிக், அவலூர்பேட்டை

ப: பிராமாவுக்கும் இதே தொல்லை. அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையத்தை அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். பிரஸ் உருப்பட்டது அதற்கப்புறம்தான். உங்கள் விஷயத்தில் சீல் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன். ராடில் நகத்தை வைத்து நெடுக இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தக் கீறல்தான் ஒவ்வொரு சீலையும் அறுக்கிறது. ராடை ஹார்டு குரோம் பூச அனுப்புங்கள். இன்னொன்று: பிரேக் ஆயிலை ஊற்றி வைத்திருக்கிறீர்களா? அது சாதாரண ரப்பர் சீலை ஊதிப் பெருக்கிவிடும். நம் வெயிலுக்கு ஹைட்ராலிக் 68 போதும்.

கே: ஹோஸில் ஊசிமுனை அளவு கசிவு. கையை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன், விரலில் சுருக்கென்றது. வலியில்லை. ஆயின்மென்ட் போதுமா?
– ஹெல்பர், செஞ்சி

ப: தம்பி, இதற்குக் கடிதமே எழுதியிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இதே போல் இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே அச்சிடுகிறோம். உங்களுக்கு நேராகப் போனில் சொல்லியாயிற்று.

அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும். முதல் சில மணி நேரம் வலி கூட இருக்காது. அதற்குள் எண்ணெய் தசையைக் கெடுத்துக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து கழுவாவிட்டால் விரலை, சில சமயம் கையையே எடுக்க வேண்டி வரும். டாக்டரிடம் "குத்திடுச்சு" என்று சொல்லாதீர்கள், "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். இடம் தெரிந்ததும் மோட்டாரை நிறுத்தி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஹோஸைக் கழற்றுங்கள்.

கே: மல்லாட்டை எண்ணெய் எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் கட்டலாம் என்று இருக்கிறேன். செக்கைவிட நல்லதா?
– மளிகைக் கடைக்காரர், மேல்மலையனூர்

ப: செக்கு ஓடிக்கொண்டே இருக்கும், பிரஸ் ஒவ்வொரு ஈடாக நிரப்பி, அழுத்தி, பிண்ணாக்கைத் தட்டி எடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். சூடு ஏறாது என்பது உண்மை. ஆள் கூலி ஏறும் என்பதும் உண்மை. கட்டுவதானால் சிலிண்டரைக் கீழே வைத்து மேல்நோக்கித் தள்ளும்படி கட்டுங்கள். மேலே தொங்கவிட்டால், சீல் கசிகிற அன்று உங்கள் வாடிக்கையாளர் 68 ஆயிலில் வடை சுடுவார். பழைய சிலிண்டரில் முன்பு என்ன எண்ணெய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தின்னும் பண்டத்துக்கு சிலிண்டராவது புதிதாக இருக்கட்டும்.

கே: தேருக்கு ஹைட்ராலிக் வைத்தால் வடம் பிடிக்க ஆள் தேவையில்லை அல்லவா?
– நாத்திகரா ஆத்திகரா என்று தெரியவில்லை, சிங்கவரம்

ப: திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. இழுப்பது இன்றும் பக்தர்கள்தான். ஓடுவதற்கு பக்தி, நிற்பதற்கு எண்ணெய். வேலைப் பங்கீடு சரியாகத்தானே இருக்கிறது?

கே: கோட்டை அடிவாரத்தில் சொந்த இடம் இருக்கிறது. பட்டறைக்கு ஷெட் போடலாமா?
– வெல்டர், செஞ்சி

ப: டேப் எடுத்துக்கொண்டு போங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்புறம் 200 மீட்டருக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரே கோட்டை செஞ்சி. இனிமேல் அளவு இன்னும் கறாராகத்தான் இருக்கும். திண்டிவனம் சாலைப் பக்கம் வாடகைக்குப் பாருங்கள். லாரி வந்து திரும்பவும் இடம் இருக்கும்.

கே: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறேன். பாஸ்கல் விதி மனப்பாடம். முதலில் என்ன வாங்கட்டும், பம்பா சிலிண்டரா?
– மாணவர், மேல்சித்தாமூர்

ப: ஒரு பிரஷர் கேஜ். 250 பார், கிளிசரின் நிரப்பியது. வீட்டில் பணம் கேட்கும்போது பாடப் புத்தகம் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், பொய்யாகாது.